மாங்காய் இல்லாத விளையாட்டு

ஸ்ரீரங்கம்,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள பெல்,

போனில் கேட்டால் "முடியாதுடா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் மெயில். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்.

நேற்று ஒரு கேம் ஜாம் தொடங்கியிருக்கிறது. இணையத்தில் நடக்கிற போட்டி. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், பத்து நாளில் அதை வைத்துச் சின்னதாக ஒரு விளையாட்டு செய்து ஏற்ற வேண்டும். பிறகு ஊர் உலகத்தில் இருப்பவர்கள் ஆடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். பரிசு கிடையாது, பெயர்தான். இந்த முறை தலைப்பு 'சத்தம் போடாதே'.

நான் யோசித்திருப்பது இதுதான். மாந்தோப்பு வைத்த பழைய பங்களா. காவல்காரர் தூங்குகிறார். ஒரு பெண்ணும் அவள் தம்பியும் மாங்காய் திருட வருகிறார்கள். பறித்தது கீழே விழுந்தால் அவர் எழுந்துவிடுவார். கட்டம் கட்டமாக நகர்ந்து வழி கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாதிரி விளையாட்டில் எல்லாமே டைல்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு குட்டிப் படம் வேண்டும்: பெண், தம்பி, தூங்குகிற ஆள், மாமரம், மாங்காய், பழைய வீட்டுத் தரை. நீ வரைந்து அனுப்பு, நான் சேர்த்துக்கொள்கிறேன். நான் மனிதனை வரைந்தால் தபால் பெட்டி மாதிரி வருகிறது.

மார்ச்சில் வேலை போனதிலிருந்து வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அப்பா ஒன்றுமே கேட்பதில்லை. காபியை மேசையில் வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போகிறார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது. இதையாவது ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும், பெல்.

அன்புடன்,
சித்து


மேலப்புதூர், திருச்சி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள சித்து,

காலாண்டுத் தேர்வு நேரமாகப் பார்த்துத்தான் உனக்கு மாங்காய் ஆசை வரும். ஹாலில் பிள்ளைகள் பரீட்சை எழுத, மேற்பார்வைக்கு நின்றுகொண்டு நான் கட்டத்தாளில் உன் மாமரத்தை வரைந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்திருந்தால் எனக்கும் வேலை போயிருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து சும்மா இருந்திருக்கலாம்.

எல்லாம் இணைத்திருக்கிறேன். தூங்குகிற ஆள் காந்தி மார்க்கெட்டில் கிடைத்தார். வெங்காய மூட்டையின்மேல் மல்லாந்து, ஒரு கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டு அப்படி ஒரு தூக்கம். தரைக்கு எங்கேயும் அலையவில்லை, எங்கள் கூடத்துத் தரையையே வரைந்துவிட்டேன். நீலப் பூப்போட்ட டைல் உனக்கு ஞாபகம் இருக்குமே. மாங்காய்தான் ரொம்ப நேரம் எடுத்தது. இத்தனூண்டு கட்டத்துக்குள் அது மாங்காயா முட்டையா என்று தெரிய வேண்டாமா?

ஒரு சந்தோஷமான செய்தி. தம்பி ஜூட் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்கிறான். அம்மா அடக்கத்துக்கு வந்துவிட்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனவன். மூன்று வருஷமாக நானும் விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். "சாப்பிட்டியாப்பா" என்று இவர் கேட்டார். "ம்" என்றான். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அன்புடன்,
பெல்


ஸ்ரீரங்கம்,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள பெல்,

ஏற்றிவிட்டேன். 'கூடம்' என்று பெயர். கீழே லிங்க் இருக்கிறது. 'ஓவியம்: பெலிண்டா ஸ்டீபன்ராஜ்' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். உன் டைல் எல்லாம் அவ்வளவு அழகு.

கதையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நீ தேர்வுத் தாள் எல்லாம் திருத்தி முடித்துவிட்டு, நிதானமாக ஆடிப் பார். அவசரமே இல்லை.

அன்புடன்,
சித்து


மேலப்புதூர்,
22 செப்டம்பர் 2025

அன்புள்ள சித்து,

என் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். என் போனில் அது திறக்க மாட்டேன் என்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஆடுகிறேன். ஆனால் பெருமையை அடக்க முடியாமல் ஜூடுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டேன். "அக்கா வரைஞ்சது, ஆடிப் பாருடா" என்று. அவன் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி விளையாட்டில் கெட்டிக்காரன். எப்படி இருக்கிறது என்று அவன் சொல்வதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

பெல்


மேலப்புதூர்,
23 செப்டம்பர் 2025

சித்தார்த்,

காலையில் ஜூட் கூப்பிட்டான். "உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையாக்கா? நம்மளத்தான் விளையாட்டாக்கணுமா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யார்கிட்டயும் சொல்றதில்லன்னு நாம ரெண்டு பேரும்தானே சத்தியம் பண்ணோம்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் போய் ஆடிப் பார்த்தேன்.

மாமரம் இல்லை. மாங்காய் ஒன்றுகூட இல்லை. எங்கள் கூடம் இருக்கிறது. 'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருக்கிறாள்' என்று மேலே எழுதியிருக்கிறாய். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து குடித்துவிட்டு நடுக்கூடத்தில் படுத்திருக்கிற அப்பா. மிதித்தால் டக் என்று ஆடுகிற டைல். சத்தம் கேட்டால் பெல்ட்டோடு எழுந்துவிடுவார். அவருக்குத் தெரியாமல் அக்கா தம்பியைக் கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பி அழுதால் அவன் வாயை நான் பொத்துவேன் என்று சொன்னேனே, அதற்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறாய்.

அம்மா இறந்து கொஞ்ச நாளில், காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடியிருந்தபோது, இரண்டு பேரும் நடந்தே வந்தோம். நடுப்பாலத்தில் நின்று உன்னிடம் இதைச் சொன்னேன். உன் ஒருவனிடம்தான் சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாய். அதற்காகவே உன்னை நான் எவ்வளவு பெரிய மனுஷனாக நினைத்திருந்தேன் தெரியுமா?

வீட்டுக்கு வந்து தரையில் கால் வைக்கவே கூசியது. அதை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். நீ துண்டு துண்டாகக் கேட்டாய், நான் துண்டு துண்டாகக் கொடுத்தேன். சேர்த்தால் என்ன வரும் என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இரண்டு வேலை செய். அதை எடுத்துவிடு. ஜூடுக்கு நீயே எழுது, இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று. நான் சொன்னால் நம்ப மாட்டான். என் பெயர் அதில் இருக்கிறது.

பெலிண்டா


ஸ்ரீரங்கம்,
24 செப்டம்பர் 2025

பெல்,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். மாந்தோப்பு பொய்தான். தலைப்பைப் பார்த்ததுமே நீ சொன்னதுதான் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. இது எவ்வளவு மட்டமான பதில் என்று எனக்கே தெரிகிறது.

ஆனால் ஆடியவர்கள் அழுகிறார்கள், பெல். பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறது. இத்தனை மாதத்தில் என்னை ஒருவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நேற்று அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஓட்டு அக்டோபர் ஐந்தாம் தேதி முடிகிறது. அதுவரை பொறுத்துக்கொள்.

அதற்குள் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். அப்பா, பெல்ட் என்ற சொற்களை எடுத்துவிட்டேன். தூங்குகிற ஆளின் இடத்தில் ஒரு நாயைப் போட்டுவிட்டேன். போட்டியில் பிழை திருத்த அனுமதி உண்டு, ஒரு டைலை மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டியதில்லை. இனி யார் பார்த்தாலும் உங்கள் வீடு என்று தெரியாது.

ஜூடுக்குக் கட்டாயம் எழுதுகிறேன். யோசித்து நன்றாக எழுத வேண்டும், அதுதான் கொஞ்சம் தாமதம்.

சித்து


மேலப்புதூர்,
28 செப்டம்பர் 2025

சித்தார்த்,

உன் விளையாட்டின் கீழே ஆடியவர்கள் எழுதியிருப்பதை எல்லாம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். நாயைப் போடுவதற்கு முன்னால் யாரோ கேட்டிருக்கிறார், இது உங்கள் சொந்தக் கதையா என்று. "ஆமாம், என் சிறு வயது, எங்கள் வீட்டுக் கூடம்" என்று பதில் எழுதியிருக்கிறாய்.

உன் வீட்டுக் கூடமா? கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிற மனுஷனையா குடிகாரராக்கினாய்?

பிரேசிலிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள், "அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த குழந்தையை இப்போது கட்டிப் பிடித்துக்கொள்கிறேன்" என்று. நீ நன்றி சொல்லியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் அழுதேன். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கதையை எடுத்துக்கொண்டாய் சரி, எனக்கு வர வேண்டிய ஆறுதலையும் நீயே வாங்கிக்கொண்டாயே.

ஜூடுக்கு எழுதினாயா, இல்லையா? அவன் கிறிஸ்துமஸுக்கு லீவு வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டானாம். அவனுடைய ரூம்மேட் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

பெலிண்டா


ஸ்ரீரங்கம்,
6 அக்டோபர் 2025

பெல்,

உன் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் என் வீடு என்று சொன்னேன். நம்பினால் நம்பு.

நேற்று முடிவு வந்தது. இரண்டாம் இடம். வியாழக்கிழமை அந்தக் கம்பெனியில் பேசப் போகிறேன். அவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள், அதனால் அதுவரை அது இருக்கட்டும். ஜூடுக்கு எழுதி வைத்துவிட்டேன், அனுப்பவில்லை. அவன் கோபத்தில் அந்தப் பக்கத்திலேயே ஏதாவது எழுதிவிட்டால் எல்லாம் போய்விடும். வியாழன் மட்டும் கடக்கட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சித்து


மேலப்புதூர், திருச்சி
13 அக்டோபர் 2025

சித்தார்த்,

விளையாட்டை எடுத்துவிட்டதாகவும் ஜூடுக்கு அனுப்பிவிட்டதாகவும் வேலை கிடைத்துவிட்டதாகவும் ஒரே மெசேஜில் எழுதியிருந்தாய். நீ சொன்ன வியாழனுக்கு முந்தின நாள் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா போனோடு அடுக்களைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஜூட் எனக்கு அனுப்பியிருக்கான்மா" என்றார். அவன் அவருக்கு அனுப்பிய முதல் மெசேஜ் அது. என் போனில் திறக்காத உன் விளையாட்டு அவர் போனில் திறந்திருந்தது.

"உன் பேரு, சித்தார்த் தம்பி பேரெல்லாம் போட்டிருக்கு. நம்ம வீட்டுத் தரை மாதிரியே இருக்கே. நானும் பார்க்குறேன், அந்தப் புள்ளையால தாண்டிப் போக முடியல, நாய் எழுந்திரிச்சுக்குது. எழுந்தா என்னம்மா பண்ணும்?"

விளையாட்டில் அது சொல்வதில்லையே. எழுந்தால் திரை இருட்டி முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதானே. நானும் "சும்மா விளையாட்டுப்பா" என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஜூட் கீழே எழுதியிருந்ததை அவரே சத்தமாகப் படித்தார். "அந்த நாய் யாருன்னு அக்காகிட்ட கேளுங்க." ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு, "யாரும்மா?" என்று கேட்டார்.

"அது நாய் இல்லப்பா" என்றேன்.

அப்பா கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், தரையில் படாமல் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். குடியை விட்டு இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"போன கிறிஸ்துமஸுக்கு சித்தார்த் தம்பி இங்க சாப்பிட்டுச்சே, அப்பவே அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"போதும் போதும்னுச்சு. நான்தான் இன்னும் ரெண்டு துண்டு கறி வச்சேன்" என்றார்.

மறுநாள் காலையில் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஜூடைக் கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஜூட் வருகிறான். டிக்கெட்டை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான்.

கடைசியில் நல்லதுதானே நடந்தது என்று உனக்குத் தோன்றும். பெங்களூரில் யாரிடமாவது அப்படிச் சொல்லவும் செய்வாய். என்னிடம் சொல்லாதே.

உன் கடிதம் ஜூடுக்குக் கிடைத்துவிட்டது. விளையாட்டு எனக்குத் தெரியாமல் நடந்தது என்பதை நம்புகிறானாம். ஆனால் ஊரான் ஒருத்தனிடம் நான் வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூடத்தைக் கடந்தவளோடு மட்டும் அவன் பேசுவதில்லை.

பெங்களூருக்குப் போவதற்கு முன் ஒரு தடவை நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் சொன்னேன். "வரட்டும்மா, ஒரு வாய் காபி குடுத்து அனுப்பு" என்றார்.

அவருக்கு அந்த மனசு இருக்கிறது. எனக்கு இல்லை. வராதே.

பெலிண்டா ஸ்டீபன்ராஜ்