ஜெபமணியைத் தையல் பிரிவிலிருந்து தாவரவியலுக்கு மாற்றக் கோரி

அனுப்புநர்:
திருமதி சாந்தகுமாரி பெத்துராஜ்,
(காலஞ்சென்ற ஏலக்காய் வியாபாரி பெத்துராஜின் மனைவி),
மேலத் தெரு, போடிநாயக்கனூர்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
உயர்நிலைப் பள்ளி மாணவர் கோடைப் பயிற்சி அலுவலகம்,
மதுரை.

பொருள்: மே 7 அன்று தொடங்கும் பயிற்சியில் செல்வி ஜெபமணியின் பிரிவு தவறாகப் பதிவானது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்விஷயமாக நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "கிடைத்தது" என்ற ஒரே வாசகம் பதிலாக வந்தது. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.

1. என் மறைந்த தம்பியின் மகள் ஜெபமணி, வயது பதினைந்து, என் வீட்டில் வளர்கிறாள். குரங்கணிச் சரிவில் எங்களுக்குள்ள சிறு தோட்டத்தில் ஏலச்செடிகளின் இலை வெளுத்துப் போகும் நோயை இரண்டு வருஷமாகக் கவனித்து, எந்தச் செடி, எந்த வாரம் என்று நோட்டில் எழுதி வருகிறாள். அது ஏன் வருகிறது என்று கேட்கிறாள். இவ்வூரில் யாரிடமும் விடையில்லை. என்னிடமும் இல்லை.

2. தங்கள் அறிவிப்பில் மூன்று பிரிவுகள் இருந்தன: முதலாவது தாவரவியல், இரண்டாவது சரித்திரம், மூன்றாவது தையலும் வீட்டு நிர்வாகமும். அறிவிப்பை மட்டும் நம்பி நான் தேர்ந்தெடுக்கவில்லை. அறுபத்தேழு வயதில் ரயிலேறி மதுரைக்கு வந்து, கல்லூரி வளாகத்தில் விடுதி அறைகள், குடிநீர், சோதனைச்சாலை அனைத்தையும் பார்த்தேன். பதினோரு மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. இரண்டில் கண்ணாடி இல்லை. விடுதித் தலைவியிடம் அரை மணி நேரம் பேசிய பிறகே முதல் பிரிவு என்று முடிவு செய்தோம். தையலை, கான்வென்டில் நான் கற்ற முறைப்படி, அவளுக்கு நானே கற்பித்தாயிற்று.

3. மார்ச் 17 அன்று இங்குள்ள பள்ளியில் விண்ணப்பம் வாங்கினார்கள். ஆண் ஒருவர் வந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் கணவரிடம் தரகராக இருந்த காசிராஜனை அழைத்துப் போனேன். எந்தப் பிரிவு என்று குமாஸ்தா கேட்டதும் நான் வாய் திறந்தேன். காசிராஜன் தடுத்துவிட்டார்: "ஆத்தா, பேசாம இருங்க. ஒரு பிரிவுக்கு ஊருக்கு ஒரு சீட்டுதான். சத்தமாச் சொன்னா நாலு பேரு போட்டிக்கு வந்துருவாக."

ஏலக்காய் விலையைப் பிறர் அறியாதபடி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வது இவ்வூர் வியாபாரிகளின் வழக்கம். காசிராஜன் குமாஸ்தாவின் கைமேல் துண்டைப் போட்டு, முதல் பிரிவு என்பதற்காக ஒரு விரலைப் பிடித்தார். உறுதிக்காக மூன்று முறை அழுத்துவது அவர் பழக்கம். வெளியூரிலிருந்து வந்த குமாஸ்தா மூன்று என்று எழுதிக்கொண்டார்.

4. பட்டியல் வந்ததும் குமாஸ்தாவிடம் கேட்டேன். "மூணு தடவ அமுக்குனாரும்மா, மூணுன்னு எழுதிட்டேன். நான் என்ன ஏலக்காயா வாங்க வந்தேன்?" என்றார். காசிராஜனோ, "பிடிக்கத் தெரியாதவன்கிட்ட விரலக் கொண்டு போனது என் தப்பு ஆத்தா" என்று வருந்தினார். படிவத்தை நான் வாங்கிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அது என் தவறு, அதை மறைக்கவில்லை.

5. தாவரவியலுக்கு இவ்வூரிலிருந்து வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை. அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. திருத்துவதற்குக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி ஜூன் மாதம் கூடும் என்கிறார்கள். பயிற்சி மே மாதத்தோடு முடிந்துவிடும்.

6. ஜெபமணி என்னை நச்சரிக்கவில்லை. "அத்தை, எழுதி எழுதி ஓஞ்சு போனீக. விடுங்க. ஊசியும் நூலுந்தானே, கடிச்சா திங்கப் போகுது?" என்று சிரித்தாள். ஆனால் இரண்டு வாரமாக அவள் தோட்டத்துக்குப் போகவில்லை. நோட்டில் அந்த வாரங்கள் வெறுமையாக இருக்கின்றன.

ஆகவே, கமிட்டிக்குக் காத்திராமல் தாங்களே அவள் பெயரை முதல் பிரிவில் சேர்த்து உத்தரவிட வேண்டுகிறேன். இயலாதெனில், காரணத்தை எழுதி, கடிதத்தை அவள் பெயருக்கே அனுப்புங்கள். நியாயமாக எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள் என்று நான்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படியில்லை என்பதையும் நானே சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போடிநாயக்கனூர்,
24-4-1956.

உண்மையுள்ள,
சாந்தகுமாரி பெத்துராஜ்