எதற்கு மன்னிப்புக் கேட்பது

அன்பான அம்மா,

மாதா துணையால் நான் சுகம். முல்லைத்தீவில் கடல் அடங்கிவிட்டதா? உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

ரோமில் நான் பராமரிக்கிற வயதான பெண்மணிக்கு மறதி வருத்தம். இறந்துபோன மகனைத் தினமும் கேட்பார். பொய் பாவம் என்று நீங்கள் வளர்த்த பிள்ளை, உண்மையைச் சொன்னேன். அன்றுதான் செத்ததுபோல அழுதார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அழுதார். நேற்று, “வேலைக்குப் போனவர், வருவார்” என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

பாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பேசாமல் திரும்பிவிட்டேன். எதற்கு மன்னிப்புக் கேட்பது? நேற்றைய பொய்க்கா, முந்தைய உண்மைக்கா? நீங்கள் யோசிக்காதேங்கோ.

கருவாட்டை உங்கள் பழைய சேலைத் துண்டில் சுற்றி அனுப்புங்கோ.

பெண்மணி எழும்பிவிட்டார், கூப்பிடுகிறார்.

அம்மா, காணாமல்போன அண்ணாவுக்கு இன்னும் ஏன் சோறு போட்டு வைக்கிறீர்கள் என்று சண்டை பிடித்தேனே. இன்றைக்கும் போட்டு வையுங்கோ.

உங்கள் மகள்,
நிதர்சனா