இடக்காதில் பேஸ், வலக்காதில் கிதார்

ஆடி 4, திங்கள்

உமைக்கு இடப்பாகம் ஈந்த பெருமானே, துணை.

காற்று. விளாங்குடி முழுதும் புழுதி. வேட்டி இருமுறை துவைத்தாயிற்று.

மைத்துனர் தங்கராசு செல்லூர்ப் பட்டறையிலிருந்து வந்தார். ஹெட்போனை என் தலையில் கவிழ்த்தார். தம் இளமைக்கால ராக் பாட்டாம். மேளத்தோடு தடித்த தந்தி ஒன்று மட்டும் நடந்தது. நன்று.

"பாடுறவன் எப்ப வருவான், மாப்ள?"

"மச்சான், அந்தாளு தொண்டை கிழியக் கத்துறான்! கேக்கலயா?"

கேட்கிறது என்றேன். பொய். ஞாயிறன்று பரவைக் கோயிலில் பதிக முற்றோதல், முன்பாடுபவன் நான்.

ஆடி 5, செவ்வாய்

அவர் விட்டுச்சென்ற ஹெட்போனைத் தவறுதலாக இடவலம் திருப்பி அணிந்தேன். தடித்த தந்தியும் மேளமும் மாயம். பாடகர் கதறல், கிதார். கருவி பழுதென்று தொலைபேசியில் உரைத்தேன்.

"பழுதெல்லாம் இல்ல மச்சான். அந்தக் காலத்து ரெக்கார்டு அப்படித்தான். இடது காதுக்கு பேஸு, அதான் அந்தத் தடிச்ச தந்தி, அதோட மேளம். வலது காதுக்கு கிதாரு, பாட்டு. ரெண்டும் சேந்தாத்தான் முழுசு."

வைத்தேன். கடிகாரத்தை வலக்காதில் ஒட்டினேன். நிசப்தம். இடக்காதில் டிக் டிக்.

தாளம் தட்டும் சோமு மூன்று மாதமாக என்னை முறைப்பது இதனால்தான். அவர் அமர்வது என் வலப்பக்கம்; தாளம் காதில் விழாமல் பிசகியிருக்கிறேன்.

வெளியே தெரிந்தால் முன்பாட்டு அரிசிக்கடைக்காரருக்குப் போகும். மூக்கால் பாடுவார். சிவ சிவ.

இந்நோட்டு பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில். இல்லாள் அறியாள்.

ஆடி 7, வியாழன்

வாங்க: விபூதி, மோர்மிளகாய், விளக்குத்திரி.

காலையில் நேராக அணிந்து பேஸ்; மாலையில் திருப்பி அணிந்து கிதார். தேர் அசைகையில் எவரும் வடத்தைப் பார்ப்பதில்லை. பேஸ் அவ்வடம். ஓரிடத்தில் நிற்கிறது, விரல் தந்தியில் உரசும் ஓசை, மீண்டும் இழுக்கிறது. நெஞ்சும் கூடவே போயிற்று. கிதார்க்காரர் ஒரு சுரம் தவறுகிறார். அத்தவற்றையே வளைத்து அழகாக்குகிறார். இரு செவியுடையோர்க்கு இவை தனித்தனியே வாய்க்குமா? சற்றே செருக்கு. மன்னிக்க.

முற்றோதலில் தவற்றை வளைக்க இயலாது. அச்சம்.

இல்லாள், என் இடப்பக்கம் வந்து நின்று: "காதுல என்னங்க அது, நண்டு மாதிரி? எந்திரிங்க, வெங்காயம் உரிக்கணும்."

நன்றாகவே கேட்டது.

ஆடி 10, ஞாயிறு

பரவை. நல்ல கூட்டம். தொடங்குமுன் இல்லாள் எழுந்து சோமுவிடம் போனாள்.

"அண்ணே, தாளம் அம்மன் பக்கந்தான் இருக்கணும். இடது பக்கம் வாங்க. அதான் முறை."

"அப்படியா தாயி? இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே!"

நகர்ந்தார். அரிசிக்கடைக்காரர், தமக்கு முன்பே தெரிந்ததுபோல் தலையாட்டினார். அப்படியொரு முறை எந்நூலிலும் இல்லை. இடக்காதில் தாளம், வடம் இழுத்தது, தேர் நிலை சேர்ந்தது. ஓரடி பிசகவில்லை.

வீடு திரும்பிப் பார்த்தால், பஞ்சாங்கங்கள் வரிசை மாறியுள்ளன.

ஆதலின்: ஒளிந்து இதைப் படிக்கும் கண்கள் நீடு ஒளிர்க. அவள் மனை செழிக்க. அங்கே வெங்காயம் உரிப்பவனும் வாழ்க.