ஆறக்கூடாத மெஷின்

நவம்பர் 11, செவ்வாய்

மாடி அறையில், இரவு பகலாகக் கணக்குப் போட்டு காயின் சம்பாதிக்கும் பிட்காயின் மெஷின் கத்திக்கொண்டிருக்கிறது. இன்றைய கரண்ட் செலவு ஐந்நூறு ரூபாய், வரவு முந்நூறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட நிறுத்தச் சொல்லும். கணக்கு டீச்சர் நான், என்னால் முடியவில்லை. செப்டம்பரில் அரைமணி நேரம் கரண்ட் போய் வந்தபோது உள்ளே இருக்கும் மூன்று போர்டில் ஒன்று உயிர் பெறவில்லை. அதைச் சரிசெய்த எஸ்.பி. ரோடு ரிப்பேர்காரர் சொன்னார்: "சூடா ஓடிட்டே இருந்தா ஓடும் மேடம். ஆறிட்டா கேரண்டி இல்ல."

ஓடாத மெஷினை எடைக்குத்தான் கேட்பார்கள். வாங்கியது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு, என் பி.எஃப். பணம். கணவர் நீலுக்கு என் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை, மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நவம்பர் 13

மழை. லைட் இரண்டு முறை மினுக்கியது. இரண்டு முறையும் எனக்கு உயிர் போய் வந்தது.

நவம்பர் 15, சனி

மெஷினை வாங்க ஆள் கிடைத்துவிட்டார். யேசுதாஸ், கே.ஜி.எஃப்.காரர், அத்திபெலேயில் ஜெராக்ஸ் கடை. காயின் விலை ஏறும் என்று மச்சான் சொன்னானாம். முப்பத்தெட்டாயிரம் தருகிறார். "ஓடறத கண்ணால பாத்தா போதுங்க." அடுத்த சனிதான் வருவார். அதுவரை ஓட வேண்டுமே, மாதாவே!

நவம்பர் 18

பிளக்கில் கருகிய வாசனை. தொட்டால் சுடுகிறது. மாற்றுவதென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். சுவிட்சில் கை வைத்தேன் — அமுக்க வரவில்லை.

"பைத்தியமா ஜோ உனக்கு? கீழ ஹவுஸ் ஓனர் சேஷகிரி சார் தனியா படுத்திருக்காரு. பத்திக்கிச்சுன்னா?" என்றார் நீல்.

தெரியும். எல்லாம் தெரியும். நாலே நாள்தானே என்றேன். வீட்டுக்கார மனுஷன் உயிரைவிட முப்பத்தெட்டாயிரம் பெரிதா? என்ன ஜென்மம் நான்? நீல் தலையணையோடு மாடி ஏறிவிட்டார், காவலுக்கு.

நவம்பர் 22, சனி

யேசுதாஸும் மனைவி ரஞ்சிதமும் வந்தார்கள். ரஞ்சிதம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிறுத்திப் போட்டுக் காட்டச் சொல்வார்களோ என்று சுவிட்சை மறைத்து நின்றேன். சொல்லவில்லை. "டீச்சர் வூட்டு சாமான். சந்தேகம் என்னாத்துக்கு?"

பிளக்கை மாற்றச் சொன்னேன். போர்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, மெஷினை நிறுத்தி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 24

வழியில் ஆறிப்போயும் அங்கே ஓடுகிறதாம், மூன்று போர்டும்! நன்றி சொல்லிவிட்டு யேசுதாஸ் கேட்டார்: "இங்க கரண்ட் அடிக்கடி போவும் டீச்சர். அதனால ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்றேன்.

சாப்பாட்டிலிருந்து எழுந்தேன். திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். யேசுதாஸ் "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டார். எதற்குச் சரி?

நவம்பர் 29, சனி

பணத்தை எடுத்துக்கொண்டு அத்திபெலே போனேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் வீட்டில் மெஷின் பக்கத்தில் ரஞ்சிதம் மட்டும்.

"ஜெனரேட்டர் வாங்கப் போயிருக்காரு. நாப்பத்தஞ்சாயிரமாம். இத வுட்டுட்டு தங்கச்சி மவ கல்யாணத்துக்குக்கூட போவல நானு. ஆறிட்டா போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்ன உண்மை இந்த வேலையைச் செய்திருக்கிறது.

முப்பத்தெட்டாயிரத்தையும் அவர் மடியில் வைத்தேன். "ஐயோ, கை வெக்காதீங்க டீச்சர்!" என்று அவர் எழுவதற்குள் சுவிட்சை அமுக்கி மெஷினை நிறுத்திவிட்டேன்.

ரஞ்சிதம் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவருக்கு போன் போட்டார். "வாங்காத. வந்துடு."

திரும்ப ஆன் செய்து பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.