சுதுவுக்கு வைத்த பொங்கல்

ஜன. 14, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். கடையில் உட்கார நேரமில்லை. மாத்தளை முழுக்க நாளைக்குப் பொங்குவதற்கு இன்றைக்குத்தான் சாமான் வாங்குகிறது. பச்சரிசி, பாசிப்பயறு, சக்கரை, கஜு, பிளம்ஸ், ஏலம். நிறுத்து நிறுத்து வலது தோள் கழன்றுவிட்டது.

முதலாளியின் பொங்கல் பரிசு: பிளம்ஸ் பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த கட்டி எல்லாம் ஒரு பையில். "கொண்டு போ, பொங்கலுக்குப் போடு." விற்க முடியாததைத் தானம் பண்ணுகிறார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

வீட்டு வாசலில் சுது என்னை விட்டுவிட்டுப் பையைத்தான் மோந்தது. நாய்க்கும் தெரிந்திருக்கிறது யாரால் பிரயோசனம் என்று.

ஜன. 15, வியாழன். பொங்கல்
விறகு ஈரம். வீட்டுக்காரி சரசு ஊதி ஊதிக் கண் சிவந்து, அதற்கும் என்னைத்தான் ஏசினாள். மண்ணெண்ணெய் தெளித்தேன், அதற்கும் ஏச்சு. பானை கிழக்கே பொங்கியது. நல்லதாம்.

தினேஷ் ருமேனியாவிலிருந்து வீடியோவில் வந்தான். பின்னால் ஆறேழு பையன்கள், ஒரே அறை, ஒரு சட்டி நூடில்ஸ். "சாப்பிட்டீங்களாப்பா?" அத்தோடு என் பங்கு முடிந்தது. "சுதுவைக் காட்டுங்க." அதற்கப்புறம் அவனுக்கும் நாய்க்கும்தான் பேச்சு. என்னைப் பார்க்கவா எடுக்கிறான்? அது மட்டும் இல்லையென்றால் மாதத்துக்கு ஒரு தடவை பேசுவானோ என்னவோ.

"நாளைக்கு மாட்டுப் பொங்கல்மா. நம்மகிட்ட மாடா இருக்கு? எல்லாத்தையும் சுதுவுக்குச் செய்ங்க. நான் லைவ்ல பாக்கணும்."

எல்கடுவ தோட்டத்து லயத்தில் இருந்தபோது மாடு இருந்தது. டவுன் பக்கம் வந்தபோது விற்றோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாடு இதுதான்.

ஜன. 16, வெள்ளி
செய்தோம். வெந்நீர்க் குளிப்பு, நெற்றியில் மஞ்சள், குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. கொம்பு இல்லாததால் காதுக்கு மஞ்சள் பூசினாள் சரசு. மாலையில் பாதியை ஆரத்தி சுற்றுவதற்குள் தின்றுவிட்டது.

தேங்காய்ச் சிரட்டையில் சாய்த்து வைத்த போனுக்குள் தினேஷ் கத்தினான்: "பொங்கலோ பொங்கல்!" அங்கே பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். பின் வீட்டு சோமபால வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, பிளம்ஸ அள்ளிப் போடுங்க. அவளுக்கு அதுதான் உசிரு."

பையில் மிச்சமிருந்ததை அப்படியே இலையில் கவிழ்த்தாள். நானும் "போடு போடு, ஓசிதானே" என்றேன். மற்ற வருசம் தினேஷ் என் சேட் பையிலிருந்து ஒன்றிரண்டு பிளம்ஸ் திருடிக் கொடுப்பான். இந்த வருசம்தான் இலை போட்ட விருந்து. சோற்றைத் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் பொறுக்கித் தின்றது.

நெடுநாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். எழுதி வைக்கிறேன்.

ஜன. 17, சனி
சுது வாந்தி. காலையிலிருந்து. தண்ணீர் குடிக்கிறது, அதையும் கக்குகிறது. வால் ஆடவில்லை. கடைக்கு லீவு சொன்னேன், முதலாளி முகம் சுளித்தார். "நாய்க்கா லீவு?"

மிருக டொக்டரிடம் போனோம். சிங்கள டொக்டர், இளம் வயது, பொறுமையானவர். சரசுவுக்குச் சிங்களம் சந்தை மட்டும்தான், பேச்செல்லாம் நான். எலிப் பாசாணம் வீட்டில் இருக்கிறதா? இல்லை. சொக்லட்? இல்லை. "மிதி எஹெம கேவத?" திராட்சை ஏதும் தின்றதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திராட்சை விற்கிற விலைக்கு நாங்களே தின்றதில்லை டொக்டர், நாய்க்கு எங்கே என்றேன். அவரும் சிரித்தார். பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஊசி போட்டு அனுப்பினார்.

திரும்பும்போது சரசு, "நல்லா சிங்களம் பேசுறீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் முதல் பாராட்டு.

ஜன. 18, ஞாயிறு
மோசம். நேற்றிலிருந்து மூத்திரம் போகவில்லை. வாயில் கெட்ட வாடை. எழுந்து நிற்கப் பார்த்து விழுகிறது. ஞாயிறாகையால் தெருவில் ஆட்டோ இல்லை. சோமபால தன் ஆட்டோவை எடுத்தார். காசு வாங்கவில்லை.

டொக்டர் இன்று சிரிக்கவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். சேலைன் ஏற்றினார். "ஏதோ விஷம் போயிருக்கு. நேற்றே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்." சிங்களத்தில் சொன்னாலும் 'விஷ' என்ற சொல் சரசுவுக்குப் புரிந்துவிட்டது.

வழியெல்லாம் சோமபாலவின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜன. 19, திங்கள்
காலை தேத்தண்ணி வைக்கும் நேரத்தில் போய்விட்டது. சரசு மடியில். காதில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பலா மரத்தடியில் குழி. சோமபாலதான் மண்வெட்டி கொண்டு வந்து முக்கால்வாசி வெட்டினார். எனக்குத் தோள் வலி. சரசு வெளியே வரவில்லை.

தினேஷிடம் சொன்னோம். அழுதான். வேலை இடத்தில், ஹெல்மட்டோடு, எல்லோரும் பார்க்க. "வெசம் வச்சது யாருப்பா? கண்டுபிடிங்க. விடக் கூடாது."

நானும் அழுதேன், குசினியில், அடுப்புக்கு முன்னால். யாருக்கும் தெரியாது.

ஜன. 20, செவ்வாய்
சரசு: "அந்தாளுதான். போன வருசம் சுது அவன் கோழியத் தொரத்துனப்ப வஹ தெனவான்னு கத்துனானா இல்லியா?"

சோமபால கத்தினார்தான். விஷம் கொடுப்பேன் என்று. கோபத்தில் யார்தான் கத்தவில்லை.

"வெசம் வச்சவனே ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போறான், குழியும் வெட்டுறான். பொலிசுக்குப் போனா சிரிப்பானுக. நான் காளிகிட்ட போறேன். வெள்ளிக்கிழம தேங்கா அடிக்கிறேன்."

"பேரைச் சொல்லியா?"

"பேரு எதுக்கு? எந்தக் கை அந்த எலையில வெசத்த வச்சிச்சோ, வைக்கச் சொன்ன வாய் எதுவோ, அது வெளங்காமப் போகணும். அவளுக்குத் தெரியும் யாருன்னு."

தேங்காய் வாங்கிவிட்டாள். சாமித் தட்டில் இருக்கிறது.

ஜன. 21, புதன்
கடை. புதுப் பெட்டி உடைக்கச் சொன்னார் முதலாளி. பிளம்ஸ் பெட்டி. எப்போதும் பின்பக்கமாகக் கத்தியை விடுவேன், இன்று பெட்டி தலைகீழாக இருந்தது. லேபல் என் மூஞ்சிக்கு நேரே. சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்திருக்கிறான்.

வியளி மிதி.
உலர் திராட்சை.

எத்தனை வருசமாக இதை நிறுத்துக் கொடுக்கிறேன். ஒருத்தராவது உலர் திராட்சை என்று கேட்டு வாங்கியிருக்கிறார்களா? தமிழர், சிங்களவர், முஸ்லிம் ஆட்கள், எல்லோருக்கும் பிளம்ஸ். எனக்கும் பிளம்ஸ். காய்ந்த திராட்சைதான் அது என்று தெரியாமலா இருந்தது? தெரியும். எங்கேயோ தெரியும். டொக்டர் மிதி என்று கேட்டபோது கண்ணில் வந்தது பழக்கடையில் தொங்குகிற குலை.

தெருவில் போய் டொக்டருக்குப் போன் பண்ணினேன். பச்சையோ காய்ந்ததோ, திராட்சை நாயின் கிட்னிக்கு விஷமாம். பிறகு, "எவ்வளவு தின்றது?" சொன்னேன். "ம்" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முதல் நாளே ஆம் என்று சொல்லியிருந்தால். ஒரு சொல். பெரிய சிங்களம் பேசுகிறவன்.

ஜன. 22, வியாழன்
மழை.

சொன்னால் சோமபால தப்பிப்பார். ஆனால் பிளம்ஸ் என்று வாயைத் திறந்தால், அள்ளிப் போடச் சொன்னது யார் என்ற கேள்வி தானாக வரும். இலையில் வைத்த கை இவளுடையது. வைக்கச் சொன்ன வாய் தினேஷுடையது. வெளங்காமப் போகணும் என்று காளி முன்னால் அவள் கேட்கப் போவது இந்த இரண்டையும்தான்.

எனக்குப் பெரிய சாமி பக்தி கிடையாது. ஆனாலும் பயமாக இருக்கிறது. பிள்ளை உயரமான சாரத்தில் ஏறி நின்று வேலை செய்கிறவன்.

சொல்ல இரண்டு தடவை அடுப்படிக்குப் போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜன. 23, வெள்ளி
போனோம். நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், காணி வழக்காம், தேங்காய் சிதறி என் காலில் பட்டது.

சரசு தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கொண்டாள். தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினாள். கையைப் பிடித்தேன்.

"அடிக்கிறதுன்னா என் பேரச் சொல்லி அடி."

"என்னாங்க பேசுறீங்க?"

சொன்னேன். பெட்டி, லேபல், டொக்டர் கேட்டது, நான் இல்லை என்றது. நான்தான் கொண்டு வந்தேன், நான்தான் போடு போடு என்றேன், டொக்டரிடம் மறுத்ததும் நான்தான். தினேஷ் பெயரை எடுக்கவில்லை. கவனமாக எடுக்கவில்லை.

கையை இறக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காளியையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. போன வெள்ளிக்கிழமை பொங்கலில் யார் யார் என்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஓர் இடத்தில் உதடு நின்றது.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். உடைக்காத தேங்காயைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு முடுக்கில் சோமபால ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். "கொஹெத கியே?" எங்கே போய் வந்தீர்கள் என்றார். "கோவில" என்றாள். அந்த மனிதருக்கு இந்தக் கிழமை அவள் சொன்ன முதல் வார்த்தை.

சாயந்தரம் தினேஷ் எடுத்தான். "யாருன்னு தெரிஞ்சிச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாம்புப்பா. டொக்டரே சொல்லிட்டாரு. பலா மரத்துக்கிட்ட கடிச்சிருக்கு. யாரும் வெசம் வைக்கல."

"பொங்கலாச்சும் நல்லா சாப்பிட்டாளேம்மா. அந்த வீடியோவத்தான் திரும்பத் திரும்பப் பாக்குறேன்."

"ஆமாப்பா. நல்லா சாப்பிட்டிச்சு."

போனை வைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். சுதுவின் சங்கிலியை எடுத்துக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியதுதான்.

ஜன. 24, சனி
வெயில், இந்த மாதத்தில் முதல் முறை.

விடிய எழுந்தபோது துருவுகிற சத்தம். காளிக்கு என்று சொல்லி வாங்கிய தேங்காய். சம்பல் போட்டிருந்தாள், ரொட்டியும் சுட்டிருந்தாள். இரண்டு தட்டு.

"இது சாமிக்கு நேர்ந்ததாச்சே" என்றேன்.

"தெரியும். அந்த சாபம் எங்கிட்டாவது போய்த்தான் ஆகணும். நம்ம ரெண்டு பேரோட போகட்டும். சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள், மிச்சம் வைக்காமல். கடைக்கு நேரமாகிவிட்டது.