முதுகில் ஒரு கண்

தங்கச்சி,

என் நீலச் சேர்ட் கதவில் தொங்குகிறது. அதன் முதுகில் வெண்கட்டியால் போட்ட ஒரு கோணல் கண். தோய்க்கத் தரச்சொல்லி உன் அண்ணி தினமும் படையெடுத்து வருகிறாள். கோட்டையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நீ கண்மூடிப் போன பிறகு வந்த முதல் சித்திரைப் புத்தாண்டு. வெள்ளவத்தையில் நீ படிப்பித்த பாலர் வகுப்பிலிருந்து, வழமைபோலக் கரும்பலகையில் யானை கீறித் தரச்சொல்லி அழைப்பு வந்தது. இந்தத் தீவில் என் யானைக்கு நிகரான யானை கிடையாது என்பது உலகறிந்த விஷயம். நீ மட்டும் ஒவ்வொரு வருடமும் தள்ளிநின்று பார்த்து, "அண்ணை, இது எருமையெல்லோ?" என்பாய்.

கண்ணைக் கட்டிக்கொண்டு யானைக்குக் கண் வைக்கும் அந்த விளையாட்டில் உன் சட்டம் ஒன்றுதான்: வைத்த கண்ணை அழிக்கக் கூடாது. தும்பிக்கையில், காலில், வயிற்றில் என்று யானை முழுக்கக் கண்ணாகும். ஒருமுறை வாலடியில் ஒன்று விழுந்து எல்லோரும் சிரித்தபோது, வைத்த பிள்ளை அழ ஆயத்தமானான். நீ சொன்னாய்: "சிரிக்காதேங்கோ. பின்னுக்கு வாறவனையும் ஆனை பாக்கத்தானே வேணும்." அழ இருந்தவன் மகாராசாவைப்போல நடந்துபோய்த் தன் இடத்தில் இருந்தான்.

இம்முறை புது டீச்சர். நல்ல பிள்ளைதான், அதுதான் எரிச்சல், திட்டவும் முடியவில்லை. கண்கட்டுத் துணியை மூக்குக்கு மேலே தளர்த்திவிட்டு, "கீழால பாத்து வையுங்கோ, செல்லம்" என்று ஒவ்வொரு காதிலும் ஓதினாள்.

"டீச்சர், எல்லாரும் சரியா வைச்சா இதில என்ன விளையாட்டு?"

"பிழைச்சாப் பிள்ளையள் அழுதுகள், அங்கிள். பிறகு வட்ஸ்அப் குரூப்பில எனக்குத்தான் பேச்சு."

கண்ணுக்கு மேல் கண், அதற்கு மேல் கண். எல்லாம் ஒரே இடத்தில் அப்பி, என் பட்டத்து யானைக்குப் புரை விழுந்துவிட்டது. அத்தனை பேரும் சரியாக வைத்துக் குருடாக்கிவிட்டார்கள்!

கடைசியாக வந்த சின்னவள் மட்டும் துணிக்குள்ளும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தடவித் தடவி வந்து, வாலடியில் வைத்தாள். டீச்சர் டஸ்டரால் ஒரே இழுப்பில் அதை அழித்து, பிள்ளையின் கையைப் பிடித்து 'சரியான' இடத்தில் இன்னொன்று போடுவித்தாள். அம்மாமார் படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள்.

"என்ட கண் எங்க, அங்கிள்?"

ஏழு கடலும் கலங்கக் கர்ச்சித்தேன். அதாவது, "டீச்சர், அதை விட்டிருக்கலாம்" என்றேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நீயாயிருந்தால் ஒரு வசனத்தில் முடித்திருப்பாய். அந்த வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாயில் அது எடுபடாது. உன்மேலும் கோபம் வந்தது. யானையை என்னிடம் விட்டுப் போனவள், அந்தக் குரலையும் விட்டுப் போயிருக்கக் கூடாதா?

வெண்கட்டியைச் சின்னவளிடம் கொடுத்து, முதுகைக் காட்டிக் குந்தினேன்.

"இந்த ஆனைக்கு வை."

"கண்ணை மூடவோ?"

"வடிவா மூடு."

கல்கிசை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், சாய்ந்தால் அழிந்துவிடும். கொண்டக்டர் வெறுமையாய்க் கிடந்த இருக்கையைக் காட்டி, "வாடிவென்ன, அங்கிள், வாடிவென்ன" என்று சிங்களத்தில் இருக்கச்சொல்லி மன்றாடினான். நான் இருக்கவில்லை. காலி வீதி நெடுக அந்தக் கண் பின்னுக்கே பார்த்துக்கொண்டு வந்தது.

பின்னுக்கு நீ வரவில்லை.

இருந்தாலும் சேர்ட்டைத் தோய்க்க விடமாட்டேன்.