ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தர வேண்டிய ஸ்பீக்கர்

இன்று காலை ஸ்பீக்கரின் பின்புறத்தைத் துடைத்தபோது விரலில் வாஸ்லின் ஒட்டிக்கொண்டது. வயர் மாட்டும் திருகுகளில் நீங்கள் பூசி வைத்தது. மரக்காணத்து உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொடிப்பொடியாக உதிர்கிறது, பித்தளைத் திருகு எந்த மூலைக்கு என்று, கடையிலிருந்து வந்து இறங்கிய அன்றே பூசிவிட்டீர்கள். "இன்னும் நம்மளுது ஆகலீங்க, கடைக்காரர் திட்டப் போறாரு" என்றேன். "துரு புடிச்சா திட்டுவாரா, வாஸ்லின் பூசுனா திட்டுவாரா?" என்றீர்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டிப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்துவிடுவது உங்கள் வேலை. பகலெல்லாம் அந்தத் தடதடப்புக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் அமைதி வேண்டும் என்றுதானே நினைப்பார். நீங்கள் முகம்கூடக் கழுவாமல் பாட்டுப் போடுவீர்கள். துபாயிலிருந்து திரும்பிய கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய அந்த ஆம்ப்ளிஃபையரை என் சக்களத்தி என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். அதைத் துடைப்பதற்கென்று மெத்தென்ற துணி தனியாக இருந்தது. எனக்குக் கைப்பிடித் துணிக்கு உங்கள் பழைய லுங்கி.

உயரமான பழைய ஸ்பீக்கர்கள் கிழிந்து கரகரத்துப் போனபோது நீங்கள் வேலையைவிட்டு நின்றிருந்தீர்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகள், "அப்பாவுக்குப் புடிச்சதா பாத்து நான் வாங்கித் தர்றேன்" என்றாள். நம் வீட்டு அளவுக்குச் சின்னது போதும், புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று ஒன்று இருக்கிறது என்றீர்கள். புத்தகமே இல்லாத வீட்டுக்கு அது எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த இரும்பு ஸ்டாண்டு கூத்து.

குழாயை வெல்டிங் வைத்து இரண்டு ஸ்டாண்டு செய்து வாங்கி வந்தீர்கள். உள்ளே கனமாக எதையாவது நிரப்பினால் ஸ்பீக்கர் ஆடாது, சத்தம் சுத்தமாக வரும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார். அவர் சொன்னது மணல். ஊரில் எங்கு பார்த்தாலும் உப்பு கொட்டிக் கிடக்க மணலுக்கு எங்கே போவது என்று உப்பை நிரப்பிவிட்டீர்கள். ஐப்பசி மழை பிடித்ததும் குழாய்கள் இரண்டும் வியர்க்க ஆரம்பித்தன. வெல்டிங் இடுக்கு வழியாக உப்புத்தண்ணீர் வழிந்து கூடமெல்லாம் ஓடியது. ஆயுசு முழுக்க உப்பளத்தில் கிடந்தவருக்கு உப்பு கசியும் என்பது தெரியாதா என்று தெருவே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். பிறகு ஜல்லி போட்டு அடைத்தீர்கள்.

புதுச்சேரிக் கடைக்காரர் உங்களை நெடுநாளாகத் தெரிந்தவர். கடையில் இரண்டு ஜோடி பிடித்துப்போய், எதை எடுப்பது என்று நீங்கள் தடுமாறினீர்கள். "கடைல ஏசி ரூம்ல கேட்டா ஒரு மாதிரி இருக்கும், வீட்ல வேற மாதிரி இருக்கும். ரெண்டு ஜோடியும் கொண்டுபோய் கேளுங்க சார். ஞாயித்துக்கெழம ஒண்ண திருப்பிக் குடுத்துடுங்க" என்று கொடுத்தனுப்பினார். ஒரு ஜோடி கறுப்பு, ஒரு ஜோடி மரக்கலர்.

பரீட்சை தொடங்கியது. முன்னால் என் பழைய சேலையைத் திரையாகக் கட்டினீர்கள், எது பாடுகிறது என்று எனக்குத் தெரியக்கூடாதாம். நடுவில் எனக்கு நாற்காலி. ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம், முதலில் ஒன்று, பிறகு மற்றது. "பாடுறவங்க நடு மையத்துல நிக்கிறாங்களா பாரு" என்பீர்கள். அடுப்பில் குழம்பு இருக்கும். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பேன். "இதச் சொல்றதுக்கு நீ எதுக்கு, செவுத்தக் கேட்டாலே சொல்லும்" என்று மறுபடி முதலிலிருந்து போடுவீர்கள்.

அப்படி ஒரு மத்தியானம் பஜனைப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "இதுல ஜால்ரா காதக் குத்துதுங்க" என்றேன். "எந்த ஜால்ரா?" என்றீர்கள். என்னைச் சீண்டுகிறீர்கள் என்றே நினைத்தேன். ஆம்ப்ளிஃபையரில் சன்னமான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பினீர்கள். "இப்ப?" இன்னும் குத்துகிறது என்றேன். முழுக்கத் திருப்பினீர்கள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்போது நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை, பொத்திய என் கைகளையே பார்த்தீர்கள். "லேசா என்னமோ வருது" என்றீர்கள். திரையை விலக்கிப் பார்த்தால் கறுப்பு ஜோடி. மரக்கலருக்கு மாற்றினீர்கள். எனக்கு ஜால்ரா பதமாக, தூரத்தில் இருக்கிறமாதிரி கேட்டது. உங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் கொசுவே இல்லை என்று நீங்கள் சில வருஷங்களாகச் சாதித்தது, குக்கர் விசிலை நான் சொல்லித்தான் அணைத்தது எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே புதுச்சேரிக்குப் போனோம். காது டாக்டர் கோடு போட்ட தாளைக் காட்டினார். "இன்ஜின் பக்கத்துலயே இருந்திருக்கீங்க. சன்னமான சத்தமெல்லாம் போயிடுச்சு. போனது போனதுதாங்க, இருக்குறத காப்பாத்திக்கலாம்" என்றார். நீங்கள் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். பெரிய முதலியார்சாவடி தாண்டியதும் குனிந்து என் காலைப் பார்த்தீர்கள்.

"செல்வி, உன் கொலுசு இப்பவும் சத்தம் போடுதா?"

"போட்டுக்கிட்டுதாங்க இருக்குது."

கழற்றிவிடலாமா என்று நினைத்தேன், அதுவும் தப்பாகப் பட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஊர் நெருங்கும்போது, "ரெண்டு ஸ்பீக்கர்ல எதுன்னு நீயே சொல்லிடு. என் காத நம்பி வாங்க முடியாது. ஞாயித்துக்கெழம காலைல சொல்லு, மத்தத குடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன், கறுப்புதான். என் காதைக் குத்தினால் குத்தட்டும், நான் சமையல்கட்டில் இருந்துகொள்வேன். அதிலாவது உங்களுக்கு லேசாக என்னமோ வருகிறதே. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு சொல்லலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை, மழைத்தண்ணீரில் இன்ஜின் எப்படி இருக்கிறதோ, பார்த்துவிட்டு வருகிறேன் என்று உப்பளத்துக்குப் போனீர்கள். வேலையைவிட்டு நின்றவருக்கு அது என்ன அக்கறை என்று திட்டித்தான் அனுப்பினேன். லோடு ஆட்டோவில் உங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று இன்ஜின் மேடையிலேயே உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஜனம். ஸ்பீக்கர் நான்கையும் யாரோ மூலையில் ஒதுக்கி, மேலே பாயைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் துக்கத்துக்கு வந்தார், ஸ்பீக்கர் பேச்சையே எடுக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் போன் செய்தார். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா. எதுவோ ஒண்ணு வச்சுக்கோங்க, இல்ல ரெண்டுமே வேணாம்னாலும் பரவால்ல." மகள், "ரெண்டையும் குடுத்துடும்மா, தனியா அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதனால் நானே வயர் மாட்டினேன். முதலில் மரக்கலர். பாட்டு வந்தது, ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை, குரல் சுவரெல்லாம் பரவிக் கிடந்தது. வயர்களைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். சரி செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாடுகிற அம்மாள் இரண்டு ஸ்டாண்டுக்கும் நட்ட நடுவில் வந்து நின்றார். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எத்தனையோ வருஷமாக நீங்கள் எனக்குக் காட்டப் பார்த்தது இதுதானா என்று சத்தம் போட்டு அழுதேன். பிறகு கறுப்பைப் போட்டேன். ஜால்ரா குத்தியது. குமிழை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் குத்தியது. அதில் லேசாக என்னமோ கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

கறுப்பை அனுப்பிவிட்டேன். கடை வண்டியில் அந்தப் பெட்டியை ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கக்கூடியதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, உங்களுக்குக் கேட்காததை வைத்துக்கொண்டேன். இது சரியா தப்பா என்று சொல்ல நீங்கள் இல்லை. மற்றவர்களைக் கேட்டால், ஸ்பீக்கர்தானே என்கிறார்கள்.

இன்று மத்தியானம் கடைக்காரர் கூப்பிட்டார். வாங்கிப் போனவர்களையெல்லாம் கேட்பாராம். "எப்படிம்மா கேக்குது?"

நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு வைக்கத்தான் நினைத்தேன். வாய் வேறு சொன்னது. குரல் நடுவுல நிக்குது, மிருதங்கம் மட்டும் செவுத்து ஓரமா வச்சா கும்முனு அடைக்குது, ஒரு முழம் முன்னால தள்ளி வச்சேன், இப்ப சரியா இருக்குது, ஜால்ரா வலப்பக்கம் கொஞ்சம் பின்னால இருந்து வருது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். "சரிம்மா" என்று மெதுவாகச் சொல்லி அவர் போனை வைத்தார்.

ரெண்டும் ஒண்ணுதாங்க என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.